எந்தத் திசையில்?

பழைய நாளிதழின் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விளிம்பைப் பிடித்துக் கீழ்நோக்கிக் கிழியுங்கள். பெரும்பாலான நாளிதழ்களில் கிழிசல் ஏறக்குறைய நேர்க்கோடாக இறங்கும். இப்பொழுது அதே தாளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாகக் கிழித்துப் பாருங்கள். எவ்வளவு கவனமாகக் கிழித்தாலும் கிழிசல் வளைந்து, நெளிந்து, நீங்கள் நினைக்காத பக்கம் போய்விடும். கை அதே கை. தாளும் அதே தாள். மாறியது திசை மட்டுமே.

இதற்குக் காரணம் அச்சகத்தில் இல்லை. காகித ஆலையில் இருக்கிறது. மரக்கூழ் நிறைய நீரில் கலக்கப்பட்டு, வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் வலையின்மீது ஊற்றப்படுகிறது. நீர் வடிகிறது, மெல்லிய மர இழைகள் வலையில் தங்குகின்றன. ஆற்றில் மிதந்து வரும் மரக்கட்டைகள் நீரோட்டத்தின் போக்கிலேயே திரும்பிக்கொள்வதைப் போல, இந்த இழைகளில் பல வலை ஓடும் திசையில் படுத்துக்கொள்கின்றன. தாள் காய்ந்த பிறகும் அந்தத் திசை தாளுக்குள் தங்கிவிடுகிறது. இழைகளின் போக்கில் கிழித்தால் கிழிசல் இழைகளுக்கு இடையே வழுக்கிச் செல்கிறது. குறுக்கே கிழித்தால் ஒவ்வோர் இழையும் அதைத் தடுத்துத் திருப்புகிறது.

இன்னொரு சோதனையையும் செய்யலாம். சற்றுத் தடித்த தாள் ஒன்றிலிருந்து ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகளை வெட்டுங்கள். ஒன்றைத் தாளின் நீளவாக்கிலும் மற்றொன்றை அகலவாக்கிலும் வெட்டுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு முனையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுங்கள். பிறகு மேலும் கீழுமாக இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பட்டை மற்றதைவிட அதிகமாகத் தொங்கும். தொங்கும் பட்டையில் இழைகள் குறுக்காகக் கிடக்கின்றன.

இவ்வாறு ஒரு பண்பை அளக்கும் திசை மாறும்போது விடையும் மாறினால், அந்தப் பொருளைத் திசைசார்ந்த பொருள் என்று கூறலாம். எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே விடை கிடைத்தால் அது திசையொத்த பொருள். ஆங்கில நூல்களில் இவற்றை முறையே அனைசோட்ரோபிக், ஐசோட்ரோபிக் என்று குறிப்பிடுவர். கிரேக்க மொழியில் 'ஐசோஸ்' என்றால் சமம். 'ட்ரோபோஸ்' என்றால் திரும்புதல் அல்லது போக்கு. எப்பக்கம் திருப்பினாலும் சமமாக இருப்பது ஐசோட்ரோபிக். அதன்முன் வரும் 'அன்' எதிர்மறையைக் குறிக்கிறது.

இங்கே மாணவர்கள் பலர் இரண்டு கருத்துகளைக் குழப்பிக்கொள்வதுண்டு. திசையொத்த பொருள் என்பதும் சீரான பொருள் என்பதும் ஒன்றல்ல. முந்திரி தூவிய கேசரியை நினைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் முந்திரி இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. அது சீரானதன்று. ஆனால், முந்திரிப் பருப்புகள் எந்தத் திசையையும் நோக்கி வரிசை கட்டி நிற்பதில்லை. கேசரியை நெடுக்காக வெட்டினாலும் குறுக்காக வெட்டினாலும் வேறுபாடு இல்லை. பள்ளிச் சீருடைத் துணியோ இதற்கு நேர்மாறானது. அதன் எந்த இடத்தைப் பார்த்தாலும் ஒரே நெசவுதான், சீரான பொருள். ஆனால், பாவு நூல் ஓடும் திசையில் இழுத்தால் துணி அசைந்துகொடுப்பதில்லை. மூலைவிட்டமாக இழுத்தால் நீண்டு கொடுக்கிறது. உங்கள் கைக்குட்டையை இரு எதிர்மூலைகளில் பிடித்து இழுத்தால் இது உடனே விளங்கும். சட்டைத் துணியை வெட்டுமுன் தையற்காரர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வெறும் வழக்கமன்று.

இடம் மாறினால் பண்பு மாறுமா என்பது ஒரு கேள்வி. திசை மாறினால் பண்பு மாறுமா என்பது வேறு கேள்வி. நமக்கு இங்கே வேண்டியது இரண்டாவது கேள்வி.

சாதாரணச் சன்னல் கண்ணாடி திசையொத்த பொருளுக்கு நல்ல சான்று. அதன் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டவை அல்ல. திரவத்தில் இருப்பதுபோல் ஒழுங்கின்றி இருக்கின்றன. ஒழுங்கே இல்லாதபோது ஒரு திசைக்கு மட்டும் தனிச்சிறப்பு எப்படி வரும்? அதனால்தான் கல் பட்ட கண்ணாடியில் விரிசல்கள் அடிபட்ட இடத்திலிருந்து சூரியக் கதிர்களைப்போல் எல்லாப் பக்கமும் பரவுகின்றன. ஒரு மரப்பலகையில் ஆணி அடித்துப் பாருங்கள். விரிசல் விழுந்தால் அது ஒரே கோட்டில்தான் ஓடும்.

எஃகின் கதை சற்று வேறு. எஃகில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட சின்னஞ்சிறு படிகங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. தனி இரும்புப் படிகம் ஒன்றை எடுத்து அளந்தால், அதன் விறைப்பு ஒரு திசையில் இருப்பதைப்போல் இன்னொரு திசையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். அப்படியானால் எஃகுக் கம்பியை மட்டும் திசையொத்த பொருளாகக் கருதுவது ஏன்? பள்ளிச் சபைக்கூடலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பு வரிசையில் நிற்கும்போது வரிசைகளுக்கு இடையே நடப்பது எளிது. வரிசைகளை ஊடறுத்து நடப்பது கடினம். ஆனால், நூறு வகுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் நோக்கி நின்றால், திடலை எந்தப் பக்கமாகக் கடந்தாலும் மொத்தத்தில் ஒரே அளவு சிரமம்தான். எஃகு திசையொத்ததாகத் தோன்றுவது இத்தகைய கூட்டத்தின் விளைவு.

கூட்டம் மீண்டும் ஒரே பக்கம் திரும்பிவிட்டால் திசையும் திரும்பி வந்துவிடும். உலோகத்தை உருளைகளுக்கு இடையே அழுத்தித் தகடாக்கும்போது படிகங்கள் நீண்டு, ஒரு போக்கில் திரும்புகின்றன. குளிர்பானக் குவளைகள் செய்யும் ஆலைகளில் இதைக் கண்ணால் காணலாம். வட்டமான அலுமினியத் தகட்டை அழுத்திக் கிண்ணமாக்கினால் அதன் வாய் விளிம்பு சமமாக வருவதில்லை. சில இடங்கள் மேலெழுந்து காதுகள்போல் நிற்கின்றன. தகடு எல்லாத் திசையிலும் ஒரே அளவு நீளவில்லை என்பதற்கு அந்தக் காதுகளே சாட்சி. ஆலையில் அவற்றை வெட்டியெறிந்த பிறகே குவளைக்கு மூடி பொருத்துவர்.

இனி, திசைசார்ந்த பொருள்களின் அரசன் எனத் தக்க மரத்துக்கு வருவோம்.

நோன்புப் பெருநாளின்போது லெமாங் விற்கும் கடைகளில் நின்றிருக்கிறீர்களா? கடைக்காரர் சுடச்சுட இருக்கும் மூங்கில் குழாயை நிறுத்திப் பாராங்கால் ஒரு தட்டுத் தட்டுகிறார். மூங்கில் மேலிருந்து கீழ்வரை பிளந்துகொள்கிறது. அதே மூங்கிலைக் குறுக்கே துண்டாக்க வேண்டுமென்றால் அவர் பலமுறை வெட்ட வேண்டும், அல்லது இரம்பத்தைத் தேட வேண்டும். கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் மூங்கிலின் செல்கள் அனைத்தும் நீளவாக்கில் மட்டுமே ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே பிணைக்கும் செல்கள் அங்கே இல்லை. கணுவில் மட்டும்தான் இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னிக்கொள்கின்றன. பிளப்பது எளிது என்பதால்தான் கிளந்தானில் வாவ் பட்டம் செய்வோர் மூங்கிலை மெல்லிய பிளாச்சுகளாகச் சீவ முடிகிறது. நீளவாக்கில் உறுதியாக இருப்பதால்தான் அந்தப் பிளாச்சு வில்லாக வளைந்தும் ஒடியாமல் காற்றைத் தாங்குகிறது. ஒரே அமைப்பு தரும் இரண்டு பயன்கள் இவை.

மரமும் இப்படிப்பட்ட குழல்களின் கட்டுதான். பானம் குடிக்கும் நெகிழிக்குழல்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பசை தடவிக் கட்டியதாகக் கற்பனை செய்யுங்கள். மேலிருந்து அழுத்தினால் அது தாங்கும். பக்கவாட்டில் அழுத்தினால் குழல்கள் நசுங்கும். பக்கவாட்டில் பிடித்து இழுத்தால் பசை விட்டுவிடும். மரத்தில் குழல்களாக இருப்பவை செல்கள். அவற்றின் சுவர்களில் செல்லுலோசு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக, பெரும்பாலும் மரத்தின் உயரவாக்கை ஒட்டியே ஓடுகின்றன. சங்கிலிக்குள் இருக்கும் பிணைப்பு மிக வலிமையானது. ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் இடையிலான பிணைப்பு அதைவிட மிகவும் மெலிந்தது. ஆகவே, பலகையை நீளவாக்கில் அளந்தால் கிடைக்கும் விறைப்பு, குறுக்கே அளந்தால் கிடைப்பதைவிடப் பொதுவாகப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும்.

மரத்தின் கண்ணோட்டத்தில் இது முற்றிலும் சரியான ஏற்பாடு. நின்றுகொண்டிருக்கும் மரத்தின் எடை மேலிருந்து கீழே இறங்குகிறது. காற்று அடித்து வளைக்கும்போது தண்டின் ஒரு பக்கம் நீளவாக்கில் இழுபடுகிறது. எதிர்ப்பக்கம் நீளவாக்கில் அழுந்துகிறது. தண்ணீரும் வேரிலிருந்து மேலேதான் ஏற வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் பிளந்தெடுக்கும் விசை மரத்துக்கு அரிதாகவே வருகிறது. தேவை எங்கே அதிகமோ அங்கே வலிமையைக் குவித்து வைத்திருக்கிறது மரம்.

நாம் மரத்தை வெட்டி வேறு வேலைக்குப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏணிப்படிக்கோ மண்வெட்டிக் காம்புக்கோ ஒரு கட்டையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கட்டை நேராக இருக்கிறது, வெடிப்பு இல்லை, பூச்சி அரிக்கவில்லை. ஆயினும், அதன் இழையோட்டம் கட்டையின் நீளத்தோடு ஒத்துப்போகாமல் சாய்வாக ஓடலாம். பத்து அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் சாய்ந்தால், வளைத்து முறிக்கும் விசையைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஐந்து அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சாய்ந்தால் ஏறக்குறையப் பாதிதான் மிஞ்சும். கண்ணுக்கு நல்ல கட்டை; காலை வைத்தவருக்கு ஆபத்து. மரங்களைத் தரம் பிரிப்போர் இழையின் சாய்வை அளந்து பார்ப்பதும், அனுபவமுள்ள தச்சர் கட்டையைக் கையிலெடுத்தவுடன் அதன் பக்கவாட்டு வரிகளை நோக்குவதும் இதனால்தான். வளைந்த நாற்காலிக் கால்களை அகலமான பலகையிலிருந்து அப்படியே அறுத்தெடுத்தால், வளைவில் இழைகள் குறுக்காக அறுபட்டுக் குட்டையாகிவிடும். அத்தகைய கால் முறிவது பெரும்பாலும் அந்த வளைவில்தான்.

வலிமை மட்டுமல்ல, ஈரத்துக்கு மரம் காட்டும் மறுமொழியும் திசையைப் பொறுத்தது. மழை தொடர்ந்து பெய்யும் மாதங்களில் வீட்டு மரக்கதவு இறுகிக்கொண்டு மூட மறுப்பதைக் கண்டிருப்பீர்கள். அது நிலையின் பக்கச் சட்டத்தில்தான் உரசுகிறது. கதவு உயரத்தில் வளர்ந்து தலையில் இடிப்பது அரிது. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது, வளர்ச்சி வளையங்களின் போக்கில் பொதுவாக 8 விழுக்காடு அளவுக்குச் சுருங்கும். தண்டின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் ஏறத்தாழப் பாதி. நீளவாக்கிலோ 0.2 விழுக்காடு அளவே. இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள பச்சைப் பலகை அகலத்தில் 16 மில்லிமீட்டர் வரை சுருங்கலாம். அதைப் போல் பத்து மடங்கு நீளமிருந்தும், நீளத்தில் சுருங்குவது 4 மில்லிமீட்டர்தான்.

வட்டமாக அறுத்த மரத்துண்டு காயும்போது நடுவிலிருந்து விளிம்புவரை ஆப்பு வடிவில் பிளந்துகொள்வதற்கும் இதுவே விளக்கம். சுற்றளவு அதிகமாகச் சுருங்க விரும்புகிறது; ஆரம் அந்த அளவு சுருங்கவில்லை. துண்டு பிளந்துதான் இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்கிறது. பழைய வீடுகளின் சட்டக் கதவுகளை அடுத்தமுறை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் உறுதியான சட்டங்கள் இருக்கும். நடுவிலுள்ள அகலமான பலகையோ பசையின்றி, சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் தளர்வாகச் செருகப்பட்டிருக்கும். மழையில் பலகை அகன்றாலும் வெயிலில் சுருங்கினாலும் பள்ளத்துக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும். கதவின் மொத்த அகலம் பெரிதாக மாறாது. அழகுக்காகச் செய்ததென்று பலரும் நினைக்கும் இந்த அமைப்பு, மரத்தின் திசைப் பண்பை நன்கறிந்த தச்சர்களின் தீர்வு.

மரத்தைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டின் பால்மரத்தை விட்டுவிட முடியாது. தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர் பட்டையில் போட்ட கோடு கிடைமட்டமாக இருக்காது, செங்குத்தாகவும் இருக்காது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகை சாய்வாக இறங்கும். பால் வழிந்து கிண்ணத்தில் விழச் சாய்வு வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால், அதற்கு எந்தப் பக்கம் சாய்த்தாலும் போதுமே? இடமிருந்து வலமாக இறங்குவதற்கு வேறு காரணம் உண்டு. பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லை. மேலே செல்லச் செல்லச் சில பாகை வலப்பக்கமாகச் சாய்கின்றன. இடமேலிருந்து வலக்கீழாகச் சீவும் கத்தி அந்தக் குழாய்களில் அதிகமானவற்றை அறுக்கிறது; பாலும் கூடுதலாகக் கிடைக்கிறது. விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கொளியில் போடப்பட்ட அந்தக் கோட்டுக்குள் மரப்பட்டையின் திசையறிவு இருந்தது.

அந்தப் பாலிலிருந்து வரும் ரப்பர் இன்னும் வியப்பானது. சாதாரண ரப்பர் வளையம் திசையொத்த பொருள். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அவித்த மீகூன்போல் எல்லாப் பக்கமும் சுருண்டு கிடக்கின்றன. வளையத்தைச் சட்டென்று நன்றாக இழுத்து, உடனே உதட்டின்மேல் வையுங்கள். இலேசான வெப்பத்தை உணர்வீர்கள். 1805-ஆம் ஆண்டிலேயே ஜான் காஃப் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைப் பதிவு செய்துள்ளார். அவர் கண்பார்வையற்றவர், உதட்டின் தொடு உணர்வே அவருக்குக் கருவியாயிற்று. இழுக்கும்போது சுருண்ட சங்கிலிகள் இழுத்த திசையில் நீண்டு வரிசையாகின்றன. மிக அதிகமாக இழுத்தால் சில பகுதிகள் படிகமாகவே அடுக்கிக்கொள்கின்றன. அந்த நிலையில் ரப்பர் திசைசார்ந்த பொருள். விட்டுவிட்டால் மீண்டும் பழைய குழப்ப நிலைக்கே திரும்பிவிடுகிறது. திசை என்பது ஒரு பொருளோடு பிறந்து இறுதிவரை மாறாதிருக்கும் குணமென்று கருத வேண்டியதில்லை என்பதை ஓர் ரப்பர் வளையம் காட்டிவிடுகிறது.

இதையொட்டி ஒரு சிறிய எச்சரிக்கை. ஒரு பொருள் ஒரு பண்பில் திசையொத்ததாகவும் இன்னொரு பண்பில் திசைசார்ந்ததாகவும் இருக்கலாம். கல்லுப்பின் படிகத்தில் ஒளி எத்திசையில் சென்றாலும் ஒரே வேகத்தில் செல்கிறது. ஆனால், அதே படிகத்தைத் தட்டினால் தட்டையான முகங்களை ஒட்டியே பிளந்து, மீண்டும் சிறு கனசதுரங்களாகிறது. கால்சைட் என்ற கனிமமோ ஒளியிலும் திசை பார்க்கும். அதன் தெளிந்த படிகத்தை ஓர் எழுத்தின்மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். டென்மார்க் நாட்டு அறிஞர் ராஸ்முஸ் பார்த்தோலின் 1669-இல் இதை விவரித்து எழுதினார். எனவே, 'இது திசையொத்த பொருளா?' என்று யாராவது கேட்டால், 'எந்தப் பண்பில்?' என்று திருப்பிக் கேட்பதே முறை.

திசையை அறிந்துகொண்டவர்கள் அதை இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். சிலர் அதைக் குறைக்கிறார்கள். சிலர் அதையே கருவியாக்கிக்கொள்கிறார்கள்.

குறைப்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒட்டுப்பலகை. சரவாக்கிலிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பொருள்களுள் அதுவும் ஒன்று. பென்சில் சீவுவதுபோல் மரத்தண்டைச் சுழற்றி மெல்லிய ஏடுகளாக உரித்து, ஓர் ஏட்டின் இழை நெடுக்காகவும் அடுத்த ஏட்டின் இழை குறுக்காகவும் மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டுகிறார்கள். ஓர் ஏடு அகலத்தில் விரிய முயன்றால், குறுக்கே ஒட்டியிருக்கும் அடுத்த ஏடு அதைத் தடுத்துவிடும். ஏடுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகவே இருக்கும். அப்போதுதான் நடு ஏட்டின் இருபுறமும் சமநிலை அமைந்து, பலகை ஒரு பக்கமாக வளையாமல் இருக்கும். ஆனால், ஒட்டுப்பலகை முற்றிலும் திசையொத்த பொருளாகிவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். பலகையின் பரப்பில் நெடுக்கும் குறுக்கும் நெருங்கி வந்துள்ளன; அவ்வளவுதான். கனத்தின் திசையில் அது குவே லாப்பிஸ் பலகாரத்தைப் போன்றது. நீர் புகுந்து பசை கெட்டால் ஏடு ஏடாக உரிந்துவிடும்.

இரண்டு வழிகளையும் ஒரே கட்டடத்தில் காண வேண்டுமென்றால் அண்டை நாடான சிங்கப்பூருக்குச் செல்லலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023-இல் திறக்கப்பட்ட 'காயா' என்ற ஆறு மாடிக் கட்டடம், சில பகுதிகள் தவிரப் பெரும்பாலும் மரத்தாலேயே எழுப்பப்பட்டது. அதன் பரப்பளவு 43,500 சதுர மீட்டர். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தோயோ இத்தோ அதன் வடிவமைப்பில் பங்காற்றினார். அங்கே தூண்களுக்கும் உத்திரங்களுக்கும், பலகைகளை எல்லாம் ஒரே திசையில் இழை ஓடுமாறு அடுக்கி ஒட்டிய மரம் பயன்பட்டிருக்கிறது. தளங்களுக்கோ, ஒட்டுப்பலகையைப்போல் நெடுக்கும் குறுக்குமாக அடுக்கிய தடித்த மரப்பலகைகள். ஏன் இந்த வேறுபாடு? உத்திரத்தில் விசை எந்தத் திசையில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே, இழைகளை எல்லாம் அதற்கேற்பத் திருப்பிவிடலாம். தளத்தின்மீது மேசையை எங்கே வைப்பார்கள், மாணவர்கள் எங்கே கூடி நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அது இரண்டு திசைகளிலும் தாங்கியாக வேண்டும்.

பூப்பந்து மட்டையில் இந்தச் சிந்தனை இன்னும் நுட்பமாகச் செயல்படுகிறது. இன்றைய நல்ல மட்டைகள் கார்பன் இழைகளைப் பிசினில் பதித்துச் செய்யப்படுபவை. ஓர் இழையின் தடிமன் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இழையின் நீளவாக்கில் அது மிகவும் விறைப்பானது. குறுக்கே பிசினின் வலிமைதான் அதற்குத் துணை. நீங்கள் ஓங்கி அடிக்கும்போது மட்டையின் தண்டு வளைகிறது. பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் முறுக்கவும் செய்கிறது. வளைவைத் தாங்க இழைகள் தண்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். முறுக்கைத் தாங்க 45 பாகைச் சாய்வில், இரு பக்கமும் மாறிமாறி ஓட வேண்டும். ஆகவே, வெவ்வேறு கோணங்களில் இழைகள் அமைந்த மெல்லிய தாள்களைச் சுற்றிச் சுற்றித் தண்டை உருவாக்குகிறார்கள். எந்தக் கோணத்தில் எத்தனை சுற்று என்பதை மாற்றினால், அதே எடையில் வேறு குணமுள்ள மட்டை கிடைத்துவிடும். இதே முறையில்தான் மலாக்காவின் பத்து பெரெண்டாமில் ஏர்பஸ் விமான இறக்கைகளுக்கான தகடுகளும் செய்யப்படுகின்றன. திசையொத்த உலோகத்தில் பொறியாளர் தடிமனை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். இழைப்பொருளில் திசையையும் அவரே வரையலாம். இந்தச் சுதந்திரம் பெரிய பொறுப்பையும் கொண்டு வருகிறது. எதிர்பாராத திசையிலிருந்து விசை வந்தால், அங்கே தாங்குவதற்கு இழையே இருக்காது.

உங்கள் பள்ளிப் பட்டறையில் முப்பரிமாண அச்சு இயந்திரம் இருந்தால், நீங்களும் ஒரு திசைசார்ந்த பொருளை உருவாக்குபவர்தான். நெகிழியை உருக்கி, ஒரு படலத்தின்மேல் இன்னொரு படலமாக அந்த இயந்திரம் படியவைக்கிறது. படலத்துக்குள் நெகிழி தொடர்ச்சியாக ஓடுகிறது. படலத்துக்கும் படலத்துக்கும் இடையே, சற்று ஆறிய நெகிழியின்மேல் சூடான நெகிழி ஒட்டிய ஒட்டு மட்டுமே உள்ளது. புத்தகப்பை மாட்டுவதற்குச் சுவர்க் கொக்கி ஒன்றை அச்சிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியை நிற்கவைத்து அச்சிட்டால், அதன் தண்டில் படலங்கள் குறுக்கு வளையங்களாக அமையும். பையின் எடை அந்த ஒட்டுகளையே பிரித்திழுக்கும். பக்கவாட்டில் படுக்கவைத்து அச்சிட்டால், நெகிழி கொக்கியின் வளைவோடு சேர்ந்தே வளைந்து ஓடும். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றே, நெகிழியும் ஒன்றே, செலவாகும் அளவும் ஏறத்தாழ ஒன்றே.

இரண்டு விதமாகவும் ஒவ்வொரு கொக்கியை அச்சிட்டு, மணல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டு, மணலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். பையின் கீழே காலை வைக்காதீர்கள். எது எந்த எடையில் முறிந்தது என்பதோடு, முறிந்த இடம் எப்படித் தோன்றுகிறது என்பதையும் வரைந்து வையுங்கள். நிற்கவைத்து அச்சிட்ட கொக்கியின் முறிவு, பெரும்பாலும் கத்தியால் வெட்டியதைப்போல் ஒரே படலத்தில் தட்டையாக இருக்கும்.